அடைப்புக்குறிக்குள் ஒரு ‘நானோ’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிரான்சிலிருந்து அக்கா வாங்கி வந்த சன்ஸ்கிரீனில், டைட்டேனியம் டையாக்சைடு என்ற பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் ‘நானோ’ என்று அச்சிட்டிருக்கிறது. இது எச்சரிக்கையா?

பதில்: இல்லை, தகவல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலை 11 முதல் நடைமுறையில் உள்ள அழகுசாதனச் சட்டப்படி, நானோ வடிவில், அதாவது மிக மிக நுண்ணிய துகளாக, சேர்க்கப்படும் ஒவ்வொரு மூலப்பொருளின் பெயருக்குப் பின்னும் இச்சொல் இடம்பெற வேண்டும். டைட்டேனியம் டையாக்சைடின் துகள் பெரிதாக இருந்தால் முகம் திருநீறு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். நுண்ணியதாக்கினால் அந்த வெண்மை மங்கிவிடும், புறஊதாக் கதிரைத் தடுக்கும் திறன் நிலைத்திருக்கும். காயமில்லாத சருமத்தில் இத்துகள்கள் உயிருள்ள செல்களை எட்டுவதற்குச் சான்றில்லை என்று ஒன்றியத்தின் அறிவியல் குழு கருதியதால், 25 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆனால் மூச்சுடன் நுரையீரலுக்குள் செல்லக்கூடிய ஸ்பிரே போன்றவற்றுக்கு அந்த அனுமதி இல்லை. என்னைக் கேட்டால், அடைப்புக்குறியைவிட அது கிரீமா ஸ்பிரேயா என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: விளம்பரத்தில் ‘நானோ தொழில்நுட்பம்’ என்கிறார்கள், மூலப்பொருள் பட்டியலில் அச்சொல் இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. வேண்டுமென்றே தயாரிக்கப்பட்டு, கரையாமலோ உடலில் சிதையாமலோ நிலைத்து, 1 முதல் 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் இருப்பதையே ஐரோப்பியச் சட்டம் நானோபொருள் என்கிறது. சருமத்தில் பட்டதும் சிதைந்துவிடும் கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்கள் எவ்வளவு நுண்ணியவையானாலும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. விளம்பரக்காரரின் நானோ வேறு, சட்டத்தின் நானோ வேறு.

கேள்வி: தங்கத் துகள் கலந்த கிரீம்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையா?

பதில்: நானோ வடிவத் தங்கத்துக்குத் தடைதான். நானோ வடிவப் பிளாட்டினம், தாமிரம், கூழ்மநிலை (நுண்துகள்களாகத் திரவத்தில் பரவி நிற்கும்) வெள்ளி ஆகியவற்றுக்கும் 2024இல் ஒன்றியம் தடை விதித்தது. புதிய சரக்குக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், ஏற்கெனவே கடைகளில் இருந்தவற்றுக்கு 2025 நவம்பர் 1 முதலும் அது நடப்புக்கு வந்தது. நிறத்துக்காகச் சேர்க்கும் சாதாரணத் தங்கம் இத்தடையில் இல்லை. தனி அனுமதிப் பட்டியலில் இல்லாத நானோபொருளைச் சேர்க்கும் நிறுவனம், விற்பனைக்கு ஆறு மாதம் முன்பே துகளின் அளவு, நச்சுத்தன்மை, பயன்பாட்டு முறை ஆகிய விவரங்களை ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஆணையம் அறிவியல் குழுவின் கருத்தைக் கேட்கும்.

கேள்வி: அமெரிக்கப் பொருள்களிலும் இந்தக் குறிப்பு இருக்குமா?

பதில்: கட்டாயமில்லை. அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் வெளியிட்டது வழிகாட்டுதல் மட்டுமே. ஆகவே, அமெரிக்க லேபிளில் ‘நானோ’ இல்லை என்பதை வைத்துப் பொருளில் நானோதுகள் இல்லை என்று முடிவுகட்ட இயலாது.