பல நாடுகள் பங்கிட்டுப் பொருள் செய்யும் உலக உற்பத்திச் சங்கிலியில் சேர்ந்துவிட்டால் ஒரு நாட்டின் தொழில் தானாக வளர்ந்துவிடுமா?

ஓரளவுக்கு வளரும். அந்த அளவை முடிவு செய்வது நாம் இல்லை. நீங்கள் பொருளியல் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டில் வாங்கும் நிறுவனங்களோடு (பையர்கள்) ஆர்டர் பேசி முடித்துக் கொடுப்பவன். தினமும் பார்ப்பதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி மறந்தவன் என்பார்கள். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1970களின் இறுதியில் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த ஓர் இத்தாலிய வணிகரால் ஐரோப்பாவுக்கு வழி திறந்தது. துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கலாம், சாயம் எப்படி நிற்க வேண்டும், அளவு எங்கே பிசகக் கூடாது என்பதெல்லாம் பையர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பி அனுப்பிக் கற்றுக்கொடுத்தவை.

ஆனால் அவர்கள் கற்றுக்கொடுக்காதது ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான காலர் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. காஸ்டிங் ஷீட்டில், அதாவது அடக்கவிலைக் கணக்குத் தாளில், நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, கட்டிங் கழிவு என ஒவ்வொரு வரியிலும் சென்ட் கணக்கில் பேரம் பேசினார்கள். பட்டனை மட்டும் அவர்கள் குறிப்பிட்ட ஹாங்காங் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். அதே தரத்தில் உள்ளூர்ப் பட்டனைப் பரிசோதனை அறிக்கையோடு அனுப்பினேன், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஹாங்காங் பட்டன் தாமதமாக வந்தது, கப்பல் போய்விட்டது. விமானத்தில் அனுப்பிய செலவு முழுவதும் எங்கள் தலையில். அந்தச் சட்டைகளுக்கு யூரோ விலைச் சீட்டைக் கோத்ததும் எங்கள் பேக்கிங் பெண்கள்தான். எங்களுக்குத் தந்ததைப் போல் நான்கு மடங்குக்கு மேல் அதில் அச்சாகியிருந்தது.

கடை வாடகை, விளம்பரம், விற்காத சரக்கு எல்லாம் அவர்கள் செலவுதானே என்று யாராவது எழுதுவீர்கள். தெரியும். எனக்கு வலிப்பது லாபப் பங்கு அல்ல, அந்தப் பட்டன். பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் பையர் கைகாட்டும் இடத்திலிருந்தே வந்தால், இங்கே அந்தத் தொழில்கள் எப்படி முளைக்கும்? தைவானில் சைக்கிள் தொழிலைச் சுற்றி உதிரிபாகத் தொழில்களும் உள்ளூரிலேயே வளர்ந்தன. அங்கே ஜயன்ட் நிறுவனம் அமெரிக்காவின் ஷ்வின்னுக்குச் செய்து கொடுத்துக்கொண்டே 1981-ல் சொந்தப் பெயரிலும் விற்கத் தொடங்கியது. பிறகு ஷ்வின் சீனாவின் பக்கம் திரும்பியபோது ஜயன்ட் விழவில்லை.

வங்கதேசத்தின் ஆடைத் தொழில் வளரவில்லையா என்றும் கேட்பார்கள். வளர்ந்தது, மறுக்கவில்லை. 1979-ல் அங்குள்ள தேஷ் என்ற ஆடை நிறுவனம் கொரியாவின் தேவூ நிறுவனத்திடம் சுமார் 130 பேரைப் பயிற்சிக்கு அனுப்பியதில் தொடங்கி, 2001 முதல் ஐரோப்பாவில் கிடைத்த வரிவிலக்கு வரை அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் அங்கே தைக்கும் சட்டை, பேன்ட் துணியில் பெரும்பகுதி இன்றும் வெளியிலிருந்து, குறிப்பாகச் சீனாவிலிருந்து வருகிறது.

எங்கள் ஊர்ச் சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் சொல்லாமல் விட முடியாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு பல ஆண்டுகள் எந்தக் காஸ்டிங் ஷீட்டிலும் ஒரு வரியாக இருந்ததில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சரிதான். பட்டறைக்காரர்களின் தவறை நான் மறைக்கவில்லை. பிறகு சாயக் கூலி ஏறியபோது, ஏன் ஏறியது என்று பையர்கள் எங்களிடம் விளக்கம் கேட்டார்கள்.

அப்படியானால் சொந்த பிராண்ட் தொடங்குங்கள் என்பவர்களுக்கு: எங்கள் முதலாளி முயன்றார். வடிவமைப்புகள் தயார், கடைக்காரர்களின் ஆர்டரும் கையில். வங்கியில் நிலப் பத்திரம் கேட்டார்கள். ஆர்டரை வைத்துக் கடன் தர முடியாதாம். அதே கிளையிலிருந்து வீட்டுக் கடன் வேண்டுமா என்று எனக்கு வாரந்தோறும் போன் வருகிறது.