ஒரே டிராகுலாவை மூன்று முறை வாங்குவது ஏன்?

கே: என் மாப்பிள்ளை பழைய இங்கிலீஷ் பேய்ப்பட டிஸ்க்குகளாக வாங்கிக் குவிக்கிறார். அதிலும் 1958-ல் வந்த டிராகுலா மட்டும் மூன்று இருக்கிறது. கேட்டால் மூன்றும் வேறு வேறு என்கிறார். நிஜமா, இல்லை என் பெண்ணை ஏமாற்றுகிறாரா?
(சேலம் வாசகர்)

ப: ஏமாற்றவில்லை ஐயா, பாவம், உண்மையைத்தான் சொல்கிறார். ஹேமர் என்ற பிரிட்டிஷ் படக் கம்பெனிக்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய படம் அது, கிறிஸ்டோபர் லீ டிராகுலா, அவரைத் துரத்துகிற வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங். அன்றைய பிரிட்டிஷ் சென்சாருக்கு ரத்தம் என்றாலே ஆகாது, அதுவும் கலரில் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வெட்டு வாங்கிய பிரதிதான் உள்ளூரில் ஓடியது. ஆனால் ஜப்பானுக்குப் போன பிரதியில் கத்தரி படாத காட்சிகள் இருக்கின்றன என்று ரசிகர்கள் ஐம்பது வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரோ பார்த்தார்களாம், யாரோ சொன்னார்களாம் என்கிற வகைப் பேச்சு. பாதிப் பேர் நம்பவில்லை. 2011-ல் ஜப்பானில் இருந்த ஓர் ஆங்கிலேய ரசிகர் விடாமல் விசாரித்துப் போனதில், டோக்கியோ திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அந்தப் பிரதி நிஜமாகவே இருந்தது. 1984-ல் அங்கே நடந்த தீ விபத்தில் முதல் ஐந்து ரீல் போய்விட்டது, 6 முதல் 9 வரை மட்டும் பாக்கி. நல்லவேளையாக எல்லோரும் தேடிய சமாசாரம் அந்தக் கடைசி ரீல்களில்தான்.

அப்படி என்ன சமாசாரம்? க்ளைமாக்ஸில் குஷிங் நீளமான சாப்பாட்டு மேஜை மேல் ஏறி ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைப் பிடித்து இழுக்க, காலை வெயில் உள்ளே விழுகிறது. இரண்டு மெழுகுவத்தித் தாங்கிகளைச் சிலுவை மாதிரி குறுக்கே பிடித்து லீயை அந்த வெயிலுக்குள் தள்ளுகிறார். இது எல்லோரும் பார்த்ததுதான். ஜப்பான் பிரதியில் இதற்கு மேல், லீ தன் முகத்தைத் தானே பிறாண்ட, தோல் விரலோடு சேர்ந்து வழிந்து வருகிறது. சில நொடிதான். கூடவே கதாநாயகி மீனாவை அவர் நெருங்கும் காட்சியும் கொஞ்சம் நீளம், முகத்தோடு முகம் உரசுகிற மாதிரி.

இதையெல்லாம் சேர்த்து 2013-ல் பிரிட்டனில் ப்ளூரே வந்தது. அது ரொம்ப நீலம் பாய்ந்திருக்கிறது என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு நின்றது. 2018-ல் வந்த அமெரிக்க ப்ளூரேயில் நிறம் வேறு மாதிரி, ஆனால் ஜப்பான் காட்சிகள் கிடையாது. ஆக, நிறத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. மூன்றாவது அநேகமாக முதன்முதலில் வாங்கிய டிவிடியாக இருக்கும். அதை விற்கச் சொல்லிப் பாருங்கள், விற்க மாட்டார்.

கே: ஒரு ஹேமர் பேய்ப்படம் பார்த்தேன், பயமே வரவில்லை. பாதிப் படத்துக்கு மேல் ஆட்கள் குதிரை வண்டியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதற்கா இவ்வளவு கிறுக்கு?
(கோவை வாசகி)

ப: எனக்கும் பயம் வராது. பயத்துக்காக யாரும் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாகவும் தெரியவில்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில், விண்ட்சருக்குப் பக்கத்தில், பிரே என்ற ஊரில் ஒரு பழைய பங்களாவை வாங்கி அதையே ஸ்டுடியோவாக்கிக்கொண்டார்கள் ஹேமர்காரர்கள். பணம் குறைவு, அதனால் ஒரு செட்டைப் போட்டால் சாறு பிழிகிற மாதிரி பிழிந்துவிட்டுத்தான் விடுவார்கள். 1965-ல் லீ நடித்த இரண்டாவது டிராகுலா படத்தை முடித்த கையோடு, அதே செட்டில், அதே நடிகர்களில் பலரை வைத்து ரஷ்யச் சாமியார் ரஸ்புடின் கதையை எடுத்தார்கள். பனி படர்ந்த டிராகுலா கோட்டை ரஷ்யாவாகிவிட்டது. அப்புறம் 'தி பிளேக் ஆஃப் த ஸோம்பீஸ்', 'தி ரெப்டைல்' இரண்டுக்கும் ஒரே கிராமத் தெரு, ஒரே இடுகாடு. ஜாக்குலின் பியர்ஸ் முதல் படத்தில் ஸோம்பியாகிறார், அடுத்ததில் பாம்பாகிறார். மைக்கேல் ரிப்பர் என்கிற குட்டையான மனிதர் எந்தப் படத்தைப் போட்டாலும் சாராயக்கடைக்காரராகவோ போலீஸாகவோ வந்து நிற்பார். நாலைந்து படம் பார்த்துவிட்டீர்கள் என்றால் "அட, அந்த மாடிப்படி!" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். கிறுக்கு பிடிப்பது அங்கேதான்.

இன்னொன்று, பிரிட்டனில் இன்றைக்கு அறுபதை ஒட்டிய வயதுக்காரர்கள் பலருக்கு இது தியேட்டர் ஞாபகமே அல்ல. எழுபதுகளின் பிற்பாதியில் பிபிசி 2-ல் சனிக்கிழமை ராத்திரிகளில் இரண்டு இரண்டாகப் பேய்ப்படம் போடுவார்கள், முதலில் ஒரு கறுப்பு வெள்ளை, அடுத்தது ஒரு கலர். கெஞ்சிக் கூத்தாடி, சோபாவில் அரைத் தூக்கத்தில் பார்த்த அந்தக் குழந்தைகள்தான் இப்போது பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள்.

சும்மா ஒருமுறை பார்த்துப் பயப்படத்தான் ஆசை என்றால் ஹேமரை விடுங்கள். 1961-ல் ஜாக் கிளேட்டன் எடுத்த 'தி இன்னசன்ட்ஸ்' பாருங்கள், விளக்கை அணைக்காமல்.

கே: லண்டனிலிருந்து தருவித்த ப்ளூரே என் பிளேயரில் ஓடவில்லை. டிஸ்க் பழுதா?
(மதுரை வாசகர்)

ப: பழுது இல்லை, பூட்டு. ப்ளூரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், பிரிட்டனுக்கு பி, நமக்கு சி. உறையின் பின்பக்கம் மூலையில் பி என்று மட்டும் போட்டிருந்தால் இங்கே விற்கிற சாதாரண பிளேயர் முறைத்துக்கொண்டுதான் நிற்கும். நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கி, விற்றவரிடம் சண்டை போட்டு, அப்புறம் உறையைத் திருப்பிப் பார்த்து அசடு வழிந்தவன். மூன்று எழுத்தும் போட்ட டிஸ்க் வாங்குங்கள், இல்லை எல்லா மண்டலத்தையும் படிக்கும் பிளேயர் வாங்குங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஆனால் கூடவே வரும் ப்ளூரேக்கு உண்டு.

பழைய பிரிட்டிஷ் டிவிடி வாங்கிவிட்டு மூன்று நிமிடம் குறைகிறதே, சென்சார் வெட்டிவிட்டானா என்று சிலர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் வெட்டு இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை அந்த ஊர் டிவிக்காக 25 ஃபிரேமில் ஓட்டினார்கள், 82 நிமிடப் படம் 79 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரலும் இம்மி கீச்சென்று ஏறியிருக்கும். லீயின் அந்தக் கனத்த குரலுக்கே இந்தக் கதி.

கே: கிறிஸ்டோபர் லீக்கு டிராகுலா பிடிக்கவே பிடிக்காதாமே?
(திருநெல்வேலி வாசகர்)

ப: பாத்திரம் பிடித்தது, ஸ்கிரிப்ட் பிடிக்கவில்லை. ஹேமருக்காக 7 தடவை நடித்தார். இரண்டாவதில் ஒரு வார்த்தை பேச மாட்டார், வெறும் சீறல்தான். வசனம் சகிக்கவில்லை, அதனால் பேச மறுத்தேன் என்றார் லீ. நான் வசனமே எழுதவில்லையே என்றார் ஸ்கிரிப்ட் எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர். எனக்கு இருவர் மேலும் சந்தேகம் உண்டு, ஆனால் அந்த மௌனம் படத்துக்கு நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

கே: ஹேமர் நம் நாட்டுக் கதை எதையும் எடுக்கவில்லையா?
(புதுச்சேரி வாசகி)

ப: எடுத்தார்கள், எடுக்காமலே இருந்திருக்கலாம். 1959-ல் 'தி ஸ்ட்ராங்ளர்ஸ் ஆஃப் பம்பாய்', வழிப்போக்கர்களைத் துணியால் கழுத்தை இறுக்கிக் கொல்லும் தக்கர்களைப் பற்றி. இயக்கியவர் அதே ஃபிஷர். பம்பாய் என்று பெயரே தவிர எல்லாம் பிரே பங்களாவும் சுற்றுவட்டாரமும்தான், முகத்தில் கறுப்பு பூசிய வெள்ளைக்காரர்களும்தான். கல்கத்தாவில் பிறந்த மார்ன் மெய்ட்லண்ட் மட்டும் கொஞ்சம் ஆறுதல். வரிசை முழுசாக வேண்டும் என்பவர்கள் இதையும் வாங்கத்தான் செய்கிறார்கள்.

கே: பிரிட்டிஷ் போஸ்டர் ஒன்று விலைக்கு வருகிறது. நாலாக மடித்த கோடு தெரிகிறது. வாங்கலாமா?
(சென்னை வாசகர்)

ப: மடிப்புக் கோடு இருப்பது நல்லதுதான். அந்தக் காலத்தில் தியேட்டருக்கு மடித்துத்தான் அனுப்பினார்கள். மொடமொடவென்று சுருட்டி, ஒரு கோடுகூட இல்லாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். அளவை டேப் வைத்துப் பாருங்கள்: பிரிட்டிஷ் குவாட் என்பது 40 அங்குல அகலம், 30 அங்குல உயரம், படுக்கை வாட்டம். ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் குறைந்தால் மறு அச்சாக இருக்கலாம். இரண்டு படம் சேர்ந்த போஸ்டர் என்றால் பல சமயம் மறு வெளியீட்டுக்குப் போட்டது, விலை குறைவாகத்தான் இருக்க வேண்டும். டாம் சான்ட்ரல் வரைந்தது என்றால் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். மாடலுக்குக் காசு கொடுப்பானேன் என்று தானே கோரைப்பல் காட்டிப் படம் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்து டிராகுலாவை வரைந்த மனுஷன்.

கே: லண்டனில் வாழ்ந்து காலமான மாமாவின் சாமான்களில் நாற்பது வீடியோ கேசட், பாதி பேய்ப்படம். காயலான் கடைக்குப் போடலாமா?
(யாழ்ப்பாணம் வாசகி)

ப: இன்றைக்குப் போடாதீர்கள். பிரிட்டனில் வீடியோவுக்கும் சென்சார் சான்றிதழ் வேண்டும் என்று 1984-ல்தான் சட்டம் வந்தது. அதற்கு முந்திய கேசட்டுகளில் 15, 18 என்ற வயது முத்திரை பெரும்பாலும் இருக்காது. சேகரிப்பவர்கள் அதை ப்ரீ-செர்ட், அதாவது சான்றிதழுக்கு முந்தியது, என்பார்கள், அதற்கென்றே ஆட்கள் அலைகிறார்கள். முத்திரை இல்லாத உறைகளைத் தனியாக எடுத்து வையுங்கள், படுக்க வைக்காமல் நிறுத்தி. கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் பூஞ்சை, அதை டெக்கில் போட்டால் டெக்கும் போய்விடும். மாமா டிவியிலிருந்து பதிந்தவற்றுக்கு விலை கிடையாது. ஆனால் அவற்றில் லேபிளில் சனிக்கிழமை என்று எழுதியிருப்பது ஏதாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.