ஹிஞ்ச் போதுமா, மவுண்ட் வேண்டுமா?

கேள்வி: அப்பா சேர்த்த தபால்தலைகளை ஆல்பத்தில் வைக்கப் போகிறேன். எல்லாவற்றுக்கும் மவுண்ட் வாங்க வேண்டுமா? எப்படி ஒட்டுவது?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம். முத்திரை விழுந்த சாதாரணத் தலைகளுக்கு ஹிஞ்ச், அதாவது தலையின் பின்னால் ஒட்டும் பசை தடவிய சின்னக் காகித மடிப்பு, தாராளமாகப் போதும். பின்பக்கப் பசை கலையாத புதுத் தலைகளை மட்டும் மவுண்டில், அதாவது பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் உறையில், வையுங்கள். ஹிஞ்ச் ஒட்டினால் அந்தப் பசையில் தடம் விழும், மதிப்பும் குறையும்.

ஓரப் பற்களையும் சேர்த்துத் தலையை அளந்து, அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் உயரமான மவுண்ட் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். அகலத்திலும் அதே அளவு கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் பற்கள் மடங்கிவிடும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மென்மையூட்டி நாளடைவில் கசிந்து தலையைக் கெடுக்கும்.

ஒட்டும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. நான் ஆரம்பத்தில் மவுண்டின் பின்பக்கத்தை நன்றாக நனைத்து ஒட்டினேன். ஈரம் உள்ளே ஏறி, பசை இளகி, நான்கு புதுத் தலைகள் உறையோடு ஒட்டிக்கொண்டன. இன்றும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் மனசு கேட்பதில்லை. இப்போது ஈரத் தூரிகையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு இழுக்கிறேன், அவ்வளவுதான். பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே ஆல்பத்தை மூடுவேன்.

மவுண்டின் பின்னணி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறீர்களா? வெள்ளை ஓரமுள்ள தலைகள் கறுப்பில்தான் எடுப்பாக இருக்கும். அப்புறம், தலையைக் கையால் தொடாதீர்கள். இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.