ஜாவா நிரலை மறுபடி இயக்கினால் கோப்பில் இருந்த பழைய பதிவு அழிவது ஏன்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தின் அன்றாட மீன் விலையைக் கோப்பில் சேமிக்கும் தங்கள் ஜாவா நிரலை மறுபடி இயக்கினால் நேற்றைய விலை மறைந்துவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். கோப்பில் எழுத உதவும் ஃபைல்ரைட்டர் (FileWriter) பொருளை (object) கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து உருவாக்கினால், ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே பழைய உள்ளடக்கம் முழுவதும் நீங்கிவிடும். இரண்டாவது மதிப்பாக ட்ரூ (true) என்று கொடுத்தால்தான் புதிய வரி கடைசியில் சேரும்.

அதைவிடவும் கவனிக்க வேண்டியது கோப்பை மூடுவது. ஃபைல்ரைட்டருடன் சேர்த்துப் பயன்படுத்தும் பஃபர்டுரைட்டர் (BufferedWriter) எழுத்துகளை முதலில் நினைவகத்தில் தேக்கி வைப்பதால், மூடாமல் நிரல் முடிந்தால் கடைசி வரிகள் வட்டை எட்டாமலே போகலாம். 2011இல் வந்த ஜாவா 7 முதல், ட்ரை (try) என்னும் சொல்லை அடுத்த அடைப்புக்குறிக்குள் பொருளை உருவாக்கினால், இடையில் பிழை நேர்ந்தாலும் அது தானாகவே மூடப்படும்; தொடக்கத்திலிருந்தே இப்படி எழுதப் பழகுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ‘வஞ்சிரம்’ கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், தமிழ் எழுத்துகளையும் சேமிக்க வல்ல யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தையும் குறிப்பிடுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்பு.