ரொனால்ட் கோஹன் – கடிதம், பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சமூகப் பணிக்கு வந்த முதலீட்டாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டனின் சர் ரொனால்ட் கோஹனை மரியாதையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். நிறுவனங்களில் பணம் போட்டு, வாங்கி விற்றுச் சம்பாதித்தவர் அவர். பிறகு கைதிகளின் மறுவாழ்வையும் லாபம் தரும் முதலீடாக்கினார். கொடுக்க மனமிருந்தால் சும்மா கொடுத்துவிட்டுப் போகலாமே? பிறர் துயரத்துக்கு வட்டி வாங்குவது எப்படி அறப்பணி ஆகும்?

– க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் யார் பணம் போட்டார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்த்தபின் அது கோஹன் மேல் வருமா என்று யோசியுங்கள்.

கோஹன் 1945ல் எகிப்தில் பிறந்த யூதர். இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போருக்குப் பின் அங்கே இருக்க முடியாமல் குடும்பம் 1957ல் இங்கிலாந்து வந்தபோது அவருக்குப் பதினோரு வயது. ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு என்று படித்தார். 1972ல் கூட்டாளிகளோடு தொடங்கிய சிறிய நிறுவனம்தான் பின்னாளில் அபாக்ஸ் பார்ட்னர்ஸ் என்ற பெரிய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமானது, அதாவது நிறுவனங்களை வாங்கி வளர்த்து விற்கும் நிறுவனம். 2005ல் அதன் தலைவர் பொறுப்பை விட்டார். அதற்கு முன்பே, 2000ல், பிரிட்டிஷ் நிதியமைச்சகம் கேட்டுக்கொண்டபடி சமூக முதலீடு பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார்.

நீங்கள் சொல்லும் கைதிகள் விவகாரம் 2010ல் பீட்டர்பரோ சிறையில் தொடங்கியது. அப்போது இங்கிலாந்தில் ஓராண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர்கள் வெளியே வந்தால் அவர்களைக் கவனிக்கச் சட்டப்படி யாரும் கிடையாது. கையில் சொற்பப் பணம், தங்க இடமில்லை, பழைய கூட்டாளிகள் மட்டும் காத்திருப்பார்கள். பலர் சில மாதங்களில் திரும்ப உள்ளே போனார்கள். கோஹன் சேர்ந்து நிறுவிய சோஷியல் ஃபைனான்ஸ் அமைப்பு 17 முதலீட்டாளர்களிடமிருந்து 50 லட்சம் பவுண்டு திரட்டியது. அதைக் கொண்டு செயின்ட் கைல்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் விடுதலையாகிறவரோடு சிறைக்குள்ளேயே பழகி, வெளியே வீடு, வேலை, போதையிலிருந்து மீளச் சிகிச்சை என்று கூடவே நின்றார்கள். அவர்களில் சிலர் தாங்களே சிறையிலிருந்து மீண்டவர்கள்.

மறுகுற்றம் குறைந்தால்தான் அரசும், லாட்டரி வருமானத்தைப் பொதுக் காரியங்களுக்குத் தரும் லாட்டரி நிதியும் பணத்தைத் திருப்பித் தரும். குறையாவிட்டால் போட்டவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. இப்படிப் பலனைப் பொறுத்துப் பணம் திரும்பும் முதலீட்டைச் சமூகப் பயன் பத்திரம் என்கிறார்கள். அளவுகோலிலும் ஒரு நுட்பம் இருந்தது. ஒருவர் மீண்டும் தவறு செய்தாரா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை முறை தண்டிக்கப்பட்டார் என்று எண்ணினார்கள். ஒருமுறை சறுக்கியவரை ஊழியர் கைகழுவிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவியது. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். 2017ல் வந்த இறுதிக் கணக்கில், நாட்டின் மற்ற சிறைகளிலிருந்து வந்த இதே போன்றவர்களோடு ஒப்பிட மறுகுற்றம் 9 சதவீதம் குறைந்திருந்தது. இலக்கு 7.5. முதலீட்டாளர்களுக்கு அசலும் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேலும் கிடைத்தது.

அந்த முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் அறக்கட்டளைகள். நீங்கள் சொல்வதுபோல் சும்மா கொடுப்பதே அவர்கள் வேலை. இங்கே கொடுத்தது திரும்பி வந்தது, அதை இன்னொரு காரியத்துக்குக் கொடுக்கலாம். இதைத் துயரத்துக்கு வாங்கிய வட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. பீட்டர்பரோ திட்டம் பாதியில் நின்றது. 2014ல் வந்த சட்டம் குறுகிய தண்டனைக் கைதிகளையும் விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது, நல்லது. ஆனால் அதோடு கண்காணிப்புப் பணியின் பெரும்பகுதியைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விட்டார்கள். பலனைப் பார்த்துக் கூலி என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. கூடவே நிற்கும் மனிதர்கள்தான் குறைந்துபோனார்கள். ஒப்பந்தங்கள் காலத்துக்கு முன்பே முறிக்கப்பட்டு 2021ல் எல்லாம் அரசிடமே திரும்பின. ஒரு சிறையில் ஐந்தாண்டு பொறுமையாகச் செய்ததை நாடு முழுக்க அவசரமாகச் செய்யப் போனதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் கைதிகளும் அவர்களால் பாதிக்கப்பட்டவர்களும்.

கோஹனோடு எனக்கு முரண்பாடு உண்டு. எல்லாச் சமூகப் பிரச்சினையையும் அளந்து இப்படி முதலீட்டுப் பத்திரமாக்கிவிடலாம் என்ற அவரது நம்பிக்கை எனக்கில்லை. தண்டனைகளை எண்ணலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எதைக் கொண்டு எண்ணுவது? அப்படிப்பட்ட வேலைக்கு அரசு வரிப்பணத்திலிருந்துதான் செலவு செய்ய வேண்டும்.

ஆனால் இந்தப் பத்திரங்களைவிடப் பெரிய ஒன்றை அவர் செய்திருக்கிறார், அது அதிகம் பேசப்படுவதில்லை. வங்கிகளில் உரிமையாளர் தொடாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த பணம் வங்கிகளிடமே இருந்தது. அதைப் பொதுக் காரியத்துக்குத் திருப்ப வேண்டும் என்று அவர் தலைமையிலான ஆணையம் வலியுறுத்தியது. 2008ல் சட்டம் வந்தது. 15 ஆண்டுகள் அசைவில்லாத கணக்கின் பணம் தனி நிதிக்குப் போகலாம். உரிமையாளரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். அதிலிருந்து 40 கோடி பவுண்டும், நான்கு பெரிய வங்கிகள் தர ஒப்புக்கொண்ட 20 கோடியும் சேர, 2012ல் பிக் சொசைட்டி கேப்பிட்டல் உருவானது. முதல் தலைவர் கோஹன். தொண்டு நிறுவனங்களுக்கும் சமூகத் தொழில்களுக்கும் கடனும் முதலீடும் போய்ச்சேர அது வழி செய்கிறது. இன்று பெட்டர் சொசைட்டி கேப்பிட்டல் என்ற பெயரில் இயங்குகிறது.

கோஹன் தன் பையிலிருந்து எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைவிட இந்தச் சட்டம் எனக்கு முக்கியம். அவர் மேல் எனக்குள்ள மரியாதை பெரும்பாலும் இதனால் வந்தது.