காளான் அறைக்கு எந்த சென்சார்?

கேள்வி: அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். ஈரப்பதத்தையும் கரியமில வாயுவையும் அளந்து, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு மூலம் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஹியூமிடிஃபையரையும் தானாக இயக்க எண்ணியிருக்கிறேன். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டபோது டிஹெச்டி11, எம்க்யூ135 இரண்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். இவை போதுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: போதா. இரண்டும் மலிவானவை, பழகிப் பார்க்க ஏற்றவை. ஆனால் உங்கள் அறைக்குப் பொருந்தாதவை. காளான் மொட்டுவிடும் காலத்தில் அறையின் ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும். டிஹெச்டி11-இன் நம்பத்தக்க எல்லையோ சுமார் 80 சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது; அதற்குள்ளும் 5 சதவீதம் முன்பின் காட்டும். 2 சதவீதப் பிழைக்குள் அளக்கும் எஸ்ஹெச்டி31-ஐ வாங்குங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் அதுவும் இரண்டு, மூன்று சதவீதம் கூட்டிச் சொல்லத் தொடங்கும் என்றாலும், மேலே படியும் நீர்த்துளியை உலர்த்துவதற்கென அதனுள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. அதை அவ்வப்போது சில விநாடிகள் இயக்கும்படி புரோகிராம் எழுதுங்கள். சூடு ஆறிய பிறகு வரும் அளவை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள்.

எம்க்யூ135 கரியமில வாயுவை அளப்பதே இல்லை. அம்மோனியா, ஆல்கஹால், புகை போன்றவை பட்டால் அதன் மின்தடை மாறும், அவ்வளவுதான். உங்கள் காளான் பையிலுள்ள வைக்கோல் அழுகினால் எண் ஏறும். காளான் மூச்சு விடுவது அதற்குத் தெரியாது. சிசிஎஸ்811, எஸ்ஜிபி30 ஆகியவற்றின் அட்டையில் கரியமில வாயு என்று போட்டிருந்தாலும், அவையும் வேறு வாயுக்களை அளந்து ஊகித்தே சொல்கின்றன. உண்மையில் அளப்பவை, அந்த வாயு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் தன்மையைப் பயன்படுத்தும் எம்ஹெச்-இசட்19, எஸ்சிடி41 போன்றவை. விலை கூடுதல்தான், ஆனாலும் எஸ்சிடி41-ஐயே பரிந்துரைப்பேன். 5000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு) வரை அளக்கும். அதனுள்ளே ஈரப்பத சென்சாரும் உண்டு என்பதால் எஸ்ஹெச்டி31 எதற்கு என்று தோன்றலாம். அதன் ஈரப்பதத் துல்லியம் உங்களுக்குப் போதாது.

வாங்கிய பிறகு இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி குறைவு. சென்சார் எண்ணுவது மூலக்கூறுகளை என்பதால், சென்னையில் இருப்பவர் எழுதிய புரோகிராமை அப்படியே ஏற்றினால், 1000 பிபிஎம் இருக்கும் அறையில் 900 என்று காட்டும். உயரத்தை மீட்டரில் எழுதி வைக்க எஸ்சிடி41-இல் ஒரு கட்டளை உண்டு; பலரும் அதைத் தொடுவதில்லை.

இன்னொன்று தானியங்கி அளவுத்திருத்தம். வாரம் ஒருமுறையாவது வெளிக்காற்று தன் மீது படும் என்று இந்த சென்சார் நம்பிக்கொண்டு, தான் கண்ட மிகக் குறைந்த அளவை 400 பிபிஎம் என வைத்துக்கொள்ளும். படுக்கையறைக்கு அது சரி. இரவும் பகலும் காளான் மூச்சு விடும் அறையில் அளவு 800-க்குக் கீழே இறங்காமலே இருக்கலாம். அந்த 800-ஐ 400 என்று சென்சார் கற்றுக்கொண்டால் ஃபேன் ஓடவே ஓடாது. தண்டு நீண்டு குடை சிறுத்த காளானைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ஆகவே அந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மாடியின் திறந்தவெளியில் வைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெளிக்காற்றின் அளவான சுமார் 420 பிபிஎம்முக்கு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அளக்கும்போது அதன் மீது உங்கள் மூச்சு படக்கூடாது.

ஈரப்பத சென்சாரைச் சோதிக்கச் சமையலறை உப்பே போதும். சிறு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, ஈரமணல்போல் ஆகும்வரை மட்டும் நீர் விட்டு, உப்பில் படாமல் சென்சாரோடு இறுக்கமான டப்பாவில் மூடி வையுங்கள். மறுநாள் காலை 75 காட்ட வேண்டும். 78 காட்டினால் புரோகிராமில் 3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.