பழைய ராக் கச்சேரி ஆல்பங்களை ரீமாஸ்டர் செய்து மறுபடி விற்கிறார்களே, கேட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் ஒலி பளிச்சென்று இருக்கும் என்பதற்காக மட்டும் காசு கொடுத்தால் ஏமாற்றமாக இருக்கலாம். கச்சேரி ஆல்பம் என்றால், அன்றைக்கு மேடையில் நடந்ததில் எவ்வளவு நமக்குத் திரும்பக் கிடைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான ஓர் ஆல்பத்தை வைத்தே சொல்கிறேன்: தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'.

1970 பிப்ரவரி 14, சனிக்கிழமை இரவு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம். மாணவர்கள் சாப்பிடும் கூடத்தில்தான் கச்சேரி. அதற்கு முன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அத்தனை மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது என்று அந்த டேப்புகளைக் கொளுத்தச் சொல்லிவிட்டதாக கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நினைத்தாலே வயிறு எரிகிறது. அதனால்தான் லீட்ஸில் ஒரு நாள், மறுநாள் ஹல் நகரத்தில் என்று புதிதாகப் பதிவு செய்தார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வாசித்த கச்சேரி அது. மே மாதம் வெளிவந்த இசைத்தட்டில் இருந்ததோ ஆறே பாட்டு, நாற்பது நிமிடம்கூட வராது. அதிலும் மூன்று, மற்றவர்களுடைய பழைய பாடல்கள். திருட்டுப் பதிப்பு மாதிரி தெரியவேண்டும் என்றே பழுப்பு அட்டையில் ஸ்டாம்ப் குத்தியதுபோல் பெயரைப் போட்டிருந்தார்கள். பதிவின்போதே டேப்பில் சடசடவென்று ஒரு சத்தம் ஏறிவிட்டிருந்தது. தட்டு பழுது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, 'இந்தச் சத்தம் இருக்கட்டும், திருத்தாதீர்கள்' என்ற பொருளில் தட்டின் நடுவில் ஒட்டும் லேபிளிலேயே கையால் எழுதிவிட்டார்கள்.

1995இல் வந்த சிடியில்தான் பெரிய மாற்றம். இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரீமாஸ்டர் என்றால், ஏற்கெனவே கலந்து முடித்த இரண்டு சேனல் ஒலியை எடுத்து, அதன் கனம், கூர்மை, அளவு இவற்றைச் சரிசெய்வது. ரீமிக்ஸ் என்றால் (சினிமாப் பாட்டில் புது தாளம் சேர்ப்பார்களே, அது இல்லை) குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாக இருக்கும் மூல டேப்புக்கே போய், முதலிலிருந்து கலப்பது. 1995 பதிப்பில் ஒலிப்பொறியாளர் ஜான் ஆஸ்ட்லி இரண்டையும் செய்தார். அந்தச் சடசடப்பு பெரும்பாலும் போய்விட்டது, ஆறு பாட்டு பதினான்கு ஆனது.

'யங் மேன் ப்ளூஸ்' பாட்டை இந்தப் பதிப்பில் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைத் தன்னந்தனியாகப் பாடுவார், வாத்தியங்கள் எதுவும் இருக்காது. அந்த இடைவெளியில் கூடத்தின் காற்றும் ஆம்ப்ளிஃபயரின் லேசான இரைச்சலும் காதில் விழும். அடுத்த நொடி மூன்று பேரும் சேர்ந்து இறங்குவார்கள். ஒரு காதில் டவுன்ஷெண்டின் கிட்டார், மறு காதில் ஜான் என்ட்விசிலின் பேஸ் (அடி ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்), நடுவில் கீத் மூனின் டிரம்ஸ். பேஸை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். மற்ற குழுக்களில் பேஸ் அடியில் கிடந்து தாங்கிப் பிடிக்கும். இங்கே என்ட்விசில் முன்னால் ஓடுகிறார், கிட்டார்தான் பல இடங்களில் தாளத்தைப் பிடித்து நிற்கிறது. இந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்பதே எனக்கு அப்படிக் கேட்டபோதுதான் புரிந்தது.

அதைவிட முக்கியம், சேர்க்கப்பட்ட பாடல்கள். பழைய ஆறு பாட்டை மட்டும் கேட்டால் இது அடித்து நொறுக்கும் குழு என்றுதான் தோன்றும். 'டாட்டூ' கேட்டால் மூன்று குரல்கள் இழைந்து பாடுவது தெரியும். 'எ க்விக் ஒன்' என்ற எட்டு நிமிடக் கதைப் பாட்டுக்கு முன்னால் டவுன்ஷெண்ட் கதையை விளக்கிப் பேசுகிறார், ஜனம் சிரிக்கிறது. அந்தப் பேச்சும் சிரிப்பும் இருப்பதால்தான் அடுத்து வரும் இடி இன்னும் பலமாக விழுகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் இவ்வளவு முழுசாக நம் கைக்கு வருவது சாதாரண விஷயம் இல்லை.

எல்லா ரீமாஸ்டரும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். 90களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல பதிப்புகளில் ஒலியை அழுத்தி அழுத்தி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் தடவை கேட்கும்போது பிரமாதமாக இருக்கும், அரை மணியில் காது களைத்துவிடும். கச்சேரி ஆல்பத்துக்கு இது பெரிய அநியாயம். அந்த ஏற்ற இறக்கம்தானே கச்சேரி! இரண்டு பதிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதானால் சத்தமாக இருப்பதன் வால்யூமைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலவே கேட்கும்.

அப்புறம் ஹல். அங்கே முதல் சில பாட்டுக்கு பேஸ் பதிவாகவில்லை. 2010இல் அதை வெளியிட்டபோது லீட்ஸ் பதிவிலிருந்து என்ட்விசில் வாசித்ததை எடுத்து அங்கே பொருத்தினார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவரே முந்தைய இரவு வாசித்ததுதானே. ஆனால் முதலில் லீட்ஸ், பிறகு ஹல் என்று கேட்பதுதான் சரி.

எந்தப் பதிப்பை எடுப்பது என்றால், 2001இல் வந்த இரண்டு சிடி பதிப்பைச் சொல்வேன். அன்று வாசித்த 'டாமி' இசைநாடகமும் அதில் இருக்கிறது. ஒரே சிக்கல், மேடையில் நடுவில் வாசித்ததைத் தூக்கி இரண்டாவது தட்டில் வைத்துவிட்டார்கள். அதனால் முதல் தட்டில் 'எ க்விக் ஒன்' முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டாவது தட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, மறுபடி முதல் தட்டுக்கு வந்து 'சம்மர்டைம் ப்ளூஸ்' முதல் தொடருங்கள். லீட்ஸில் வாசித்த வரிசை அதுதான்.